குழந்தைக்கான சிகிச்சை: எந்தப் பரிசோதனை முதலில், எது பிறகு

தஞ்சாவூரில் குழந்தையின்மைப் பிரிவு ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். புதிதாக வருகிற பலரின் கையில் தடித்த ஃபைல் இருக்கும். திறந்து பார்த்தால் மனைவிக்கு நாலைந்து ஸ்கேன், இரண்டு முறை டியூப் டெஸ்ட் (கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று மருந்து செலுத்தி எக்ஸ்-ரேயில் பார்ப்பது), சில சமயம் ஒரு லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சின்னத் துளை போட்டு கேமராவால் பார்ப்பது). கணவருக்கு ஒரு தாள்கூட இருக்காது. "அவருக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர்" என்பார்கள். வரிசை தப்பினால் பணம் போகிறது. அதைவிட, திரும்பி வராத வயது போகிறது. அதனால் வரிசையை மட்டும் இங்கே எழுதுகிறேன். மருந்தையும் அளவையும் உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

1. சேர்ந்திருந்த மாதங்களை எண்ணுங்கள்

கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று மருத்துவர் கேட்பார். எத்தனை மாதம் ஒரே வீட்டில் இருந்தீர்கள் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள். மன்னார்குடி, முத்துப்பேட்டை, நாகூர்ப் பக்கம் கணவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பது சாதாரணம். "மூணு வருஷமா இல்ல" என்று கலங்கி வந்த பெண்ணிடம் லீவு தேதிகளை வாங்கி எழுதினால், கூட்டிப் பார்க்கும்போது சில மாதங்கள்தான் வரும். அதிலும் ஒரு ஆடி வந்திருந்தால் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போயிருப்பார்கள். இவர்களில் பலருக்குக் குறையே இருக்காது.

கருத்தடை எதுவும் இல்லாமல், இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறையாவது சேர்ந்தும், 12 மாதத்தில் கரு தங்கவில்லை என்றால் பரிசோதனைக்கு வாருங்கள். அப்படி முயலும் நூறு தம்பதிகளில் ஏறக்குறைய 85 பேருக்கு முதல் வருஷத்திலேயே கரு தங்கிவிடுகிறது. மனைவிக்கு 35 தாண்டியிருந்தால் 6 மாதம் போதும். 40 தாண்டியிருந்தால் காத்திருக்கவே வேண்டாம். 35-க்குப் பிறகு சினைமுட்டையின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறைவதுதான் காரணம்.

சிலர் எந்த வயதிலும் ஒரு வருஷம் காத்திருக்கக் கூடாது: மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருபவர்கள், முன்பு காசநோய் வந்தவர்கள், கருக்குழாயில் கரு தங்கி ஆபரேஷன் ஆனவர்கள், சின்ன வயதில் விதை கீழே இறங்காமல் ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டவர்கள்.

இன்னொன்றை வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். உறவே முழுமையாக நடக்காத தம்பதிகள் நாம் நினைப்பதைவிட அதிகம். வலியால், பயத்தால், விறைப்புக் குறைவால் வருஷக்கணக்கில் அப்படியே இருந்துவிட்டு, வீட்டார் நெருக்கியதும் ஸ்கேன் எடுக்க வருகிறார்கள். அதற்குத் தனி சிகிச்சை இருக்கிறது, பெரும்பாலும் பலனும் தெரிகிறது. இதைச் சொல்லாமல் விட்டால் பிறகு எடுக்கிற பரிசோதனை எல்லாம் வீண்.

2. முதல் நாளைச் சரியாகக் குறியுங்கள்

இந்தப் பிழையைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுகிற வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அப்படி எண்ணினால் கணக்கு இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும். மருத்துவக் கணக்கில் ரத்தப்போக்கு சரியாகத் தொடங்கிய நாள்தான் முதல் நாள். முந்தின நாள் லேசாகப் பட்ட கறையைச் சேர்க்கக் கூடாது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், டியூப் டெஸ்ட், மாத்திரை எல்லாமே இந்தத் தேதியை நம்பித்தான் நடக்கின்றன.

சமையலறையில் தொங்கும் நாள்காட்டியில் கடைசி ஆறு மாதத்துத் தேதிகளைக் குறித்து, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு முட்டை வெளிவரும். 28 நாள் சுழற்சி என்றால் 14-ம் நாள் வாக்கில், 35 நாள் சுழற்சி என்றால் 21-ம் நாள் வாக்கில். முட்டை ஒரு நாள் வரைதான் உயிரோடு இருக்கும், விந்தணுவோ ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தின ஐந்து நாளும்தான் முக்கியம். "14-ம் நாள் மட்டும்" என்று காத்திருந்து சேர்பவர்கள் நல்ல நாட்களை விட்டுவிடுகிறார்கள். உறவுக்குப் பிறகு காலைத் தூக்கி வைத்துப் படுப்பதால் கூடுதல் பலன் கிடையாது. எண்ணெய், எச்சில், கடையில் விற்கும் பல வழவழப்பு ஜெல்கள் ஆகியவை விந்தணுவின் ஓட்டத்தைக் கெடுக்கக்கூடும்.

3. முதல் நாள் கொண்டுவர வேண்டியவை

பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். டியூப் டெஸ்ட் எடுத்திருந்தால் எழுத்து ரிப்போர்ட்டோடு படமும் வேண்டும். ஆபரேஷன் ஆகியிருந்தால் டிஸ்சார்ஜ் தாள். அப்பெண்டிக்ஸ், குடலிறக்கம், கருக்கலைப்புக்குப் பின் கருப்பையைச் சுத்தம் செய்த டி அண்ட் சி எல்லாமே கணக்கில் வரும்.

கணவர் யோசித்து வைத்துக்கொள்ள வேண்டியவை: வயதுக்கு வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்ததா, அப்போது விதை வீங்கியதா? சர்க்கரை உண்டா? புகையிலை, குடி எவ்வளவு? ஜிம்மில் ஊசி போட்டீர்களா? டெஸ்டோஸ்டிரோன் ஊசி உடம்பை ஏற்றும், ஆனால் விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். வேலையும் முக்கியம். அரிசி ஆலையில் நெல் அவிக்கும் இடத்திலும் செங்கல் சூளையிலும் நாள் முழுக்க நிற்பவர்கள், வயலுக்கு மருந்து அடிப்பவர்கள் அதைச் சொல்ல வேண்டும். வெப்பமும் சில பூச்சிமருந்துகளும் விந்தணுவைப் பாதிக்கும்.

லேகியம், சூரணம், பொட்டலம் ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத மருந்தோடு இன்னொரு மருந்தைத் தர முடியாது என்பதுதான் விஷயம்.

மருத்துவர் அறைக்குள் இருவர் மட்டும் போங்கள். மாமியாரோ நாத்தனாரோ உள்ளே வந்தால் கேள்வி மனைவியிடம் கேட்டாலும் பதில் அவர்களிடமிருந்து வரும். முன்பு கலைந்த கரு, உறவில் உள்ள சிரமம் எதுவும் அங்கே வெளிவராது.

திருக்கருகாவூர் போய் நெய் வாங்கி வந்து 48 நாள் சாப்பிடுகிறவர்கள் எங்களிடம் நிறைய வருகிறார்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள். அந்த 48 நாளிலேயே கணவரின் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் முடிந்துவிடும்.

4. கணவருக்கு செமன் டெஸ்ட்: இதுதான் முதல் பரிசோதனை

குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது, தனியாகவோ பெண் தரப்புக் காரணத்தோடு சேர்ந்தோ. இந்தப் பரிசோதனையில் ஊசி இல்லை, வலி இல்லை, செலவும் குறைவு. இதன் முடிவு தெரியாமல் மனைவிக்கு டியூப் டெஸ்ட் எடுப்பதற்கோ முட்டை வளர மாத்திரை கொடுப்பதற்கோ நியாயமே இல்லை.

2 முதல் 7 நாள் உறவு இல்லாமல் இருந்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும். ஒரு மாதம் அடக்கி வைத்தால் நல்லது என்று நினைக்கிறார்கள். எண்ணிக்கை கூடுமே தவிர ஓட்டம் குறைந்துவிடும்.

மாதிரியை லேபிலேயே கொடுப்பது நல்லது. வீட்டில்தான் முடியும் என்றால், லேப் தரும் டப்பாவில் எடுத்து, சட்டைக்குள் உடம்புச் சூட்டிலேயே வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். பேராவூரணியில் எடுத்துப் பஸ்ஸில் தஞ்சாவூர் வந்து சேரும் மாதிரியில் ஓட்டம் குறைவாகத்தான் தெரியும். ஒருவர் கெட்டுப்போகுமோ என்று ஐஸ் பையில் வைத்துக் கொண்டுவந்தார். அதைப் பார்த்து எதுவும் சொல்ல முடியவில்லை. சாதாரண ஆணுறையில் எடுக்கக் கூடாது, சோப்பும் எண்ணெயும் படக் கூடாது. முதலில் வரும் சொட்டுகளில்தான் விந்தணு அதிகம். அது சிந்தியிருந்தால் மறைக்காமல் லேபில் சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியவை இவை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லை: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1.6 கோடி விந்தணு, மொத்தம் 3.9 கோடி, முன்னோக்கி ஓடுபவை 30 சதவீதம், சரியான வடிவம் கொண்டவை 4 சதவீதம். கடைசி வரியைப் பார்த்துத்தான் பலர் இடிந்துபோகிறார்கள். "96 பர்சன்ட் கெட்டுப் போச்சாம் சிஸ்டர்" என்று நடுங்கிக்கொண்டு வருவார்கள். 4 சதவீதம் இருந்தாலே போதும். இந்த எல்லைகள் ஒரு வருஷத்துக்குள் தந்தையான ஆண்களிடமிருந்து எடுத்தவை. சற்றுக் கீழே இருந்தாலும் குழந்தை பிறக்க வாய்ப்பு உண்டு.

குறைவாக வந்தால் ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது. விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். இரண்டு மாதத்துக்கு முன் வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய எண்ணிக்கையைக் குறைத்திருக்கும். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள். புகையிலை, குடி நிறுத்தியதன் பலனும் அப்போதுதான் தெரியும். ஒன்றுமே இல்லை என்று வந்தால் மட்டும் காத்திருக்காமல் சீக்கிரம் இன்னொரு மாதிரி கொடுத்து உறுதி செய்ய வேண்டும்.

இரண்டாவதிலும் விந்தணு இல்லை என்றால் சிறுநீரகவியல் அல்லது ஆண் மலட்டுத்தன்மை நிபுணரிடம் போங்கள். உற்பத்தி சரியாக இருந்து வழி அடைத்திருக்கலாம். அப்போது விதையிலிருந்து ஊசியால் விந்தணு எடுத்து இக்ஸி (ஒரு விந்தணுவை நேராக முட்டைக்குள் செலுத்துவது) செய்யலாம். மூளையிலிருந்து வரும் ஹார்மோன் குறைவு என்றால் ஊசி போட்டு உற்பத்தியையே தொடங்கவைக்க முடியும். விதையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச் ஹார்மோன் அதிகமாகவும் விதை சிறியதாகவும் இருந்தால் குரோமோசோம் பரிசோதனை தேவைப்படும். வெரிகோசீல் (விதைப்பையில் நரம்பு புடைத்திருப்பது) கையால் தொட்டால் தெரியும் அளவுக்கு இருந்து, ரிப்போர்ட்டும் குறைவாக இருந்தால்தான் ஆபரேஷனால் பலன். ஸ்கேனில் மட்டும் தெரியும் சின்ன வெரிகோசீலுக்குக் கத்தி வேண்டாம்.

5. மனைவிக்கு ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்

கணவரின் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் அதே வாரங்களில் இதைச் செய்யலாம். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, ப்ரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) முதலில். தைராய்டும் ப்ரோலாக்டினும் சரியில்லை என்றால் முட்டை வெளிவருவதே நின்றுபோகலாம், மாத்திரையிலேயே சரியாகவும் செய்யலாம். முட்டையை வளர்க்கும் ஹார்மோன்களான எஃப்.எஸ்.எச், எல்.எச் பார்ப்பதானால் 2-ம் அல்லது 3-ம் நாள். முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச் எந்த நாளிலும் எடுக்கலாம்.

முட்டை வெளிவந்ததா என்று பார்க்கும் ப்ரோஜெஸ்டிரோன் பரிசோதனைக்கு "21-ம் நாள்" என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். அது 28 நாள் சுழற்சிக்கு. உங்களுக்கு 35 நாள் என்றால் 28-ம் நாள் எடுக்க வேண்டும். 21-ம் நாளே எடுத்துவிட்டு முட்டை வரவில்லை என்று மாத்திரை தொடங்கியவர்கள் உண்டு.

ஏ.எம்.எச் குறைந்தால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தம் இல்லை. ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்பதற்கான குறிப்பு அது. இயற்கையாகக் கரு தங்குமா என்பதை அது சொல்லாது. ஆனால் வயதும் கூடி அதுவும் குறைந்திருந்தால் காலம் கடத்த வேண்டாம்.

ஸ்கேனில் நீர்க்கட்டி, ஃபைப்ராய்டு (கருப்பைத் தசைக் கட்டி), சாக்லேட் கட்டி (சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய கட்டி) இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கருப்பையின் உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபைப்ராய்டுதான் கருவைத் தடுக்கும். வெளிப்பக்கம் உள்ள சின்னக் கட்டியை எடுக்க அவசரம் வேண்டாம். மாதவிலக்கின்போது சுருண்டு படுக்கும் அளவுக்கு வலி இருந்தால் எண்டோமெட்ரியோசிஸாக (கருப்பையின் உள்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது) இருக்கலாம், அதைத் தவறாமல் சொல்லுங்கள். சாக்லேட் கட்டிக்கு ஆபரேஷன் என்றால் அதற்கு முன்பே ஏ.எம்.எச் பார்த்துவிட வேண்டும். கட்டியோடு நல்ல சினைப்பைத் திசுவும் போய்விடும்.

ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதே கேட்டு வாங்குங்கள். கரு உருவான முதல் வாரங்களிலேயே குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகிவிடுவதால், நாள் தள்ளிப்போன பிறகு தொடங்கினால் தாமதம். ருபெல்லா தடுப்பூசி போட வேண்டியிருந்தால் போட்டபின் ஒரு மாதம் கரு தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்த மாமனையோ அத்தை மகனையோ கட்டியவர்கள், குடும்பத்தில் பரம்பரை நோயோ அடிக்கடி கருக்கலைவோ இருந்தால் மரபணு ஆலோசனையையும் இப்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

இந்த அடிப்படைப் பரிசோதனைகளில் பெரும்பாலானவற்றை அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம். தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனை இருக்கிறது. திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சேமித்த பணத்தைப் பிந்தைய கட்டத்துக்கு வையுங்கள்.

6. டியூப் டெஸ்ட்

ரத்தப்போக்கு நின்ற பிறகு, முட்டை வெளிவரும் முன், சுமார் 7 முதல் 10-ம் நாளுக்குள் எடுப்பது வழக்கம். மாதவிலக்கு வந்ததிலிருந்து பரிசோதனை முடியும்வரை உறவு வேண்டாம். தெரியாமல் கரு இருந்தால் எக்ஸ்-ரே படக் கூடாது. வலி இருக்கும். ஒரு மணி நேரம் முன்பு வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள், துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.

கருப்பையை ஒட்டிய இடத்தில் அடைப்பு என்று வந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். வலியில் குழாய் இறுகிக்கொண்டாலும் படத்தில் அடைப்பு போலவே தெரியும். லேப்ராஸ்கோப்பி மூலமோ மறுபரிசோதனை மூலமோ உறுதி செய்வார்கள். குழாய் வீங்கி நீர் கட்டியிருந்தால் அந்த நீர் கருவைத் தங்கவிடாது. ஐ.வி.எஃப்புக்கு (முட்டையையும் விந்தணுவையும் லேபில் சேர்த்து, உருவான கருவைக் கருப்பையில் வைப்பது) முன் அந்தக் குழாயை எடுக்கவோ கட்டவோ சொல்வது இதனால்தான்.

நம் நாட்டில் குழாய் அடைப்புக்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். இருமல் இல்லாமலே கருப்பையில் இருக்கும். மாதவிலக்கு வரவர மிகக் குறைந்துபோயிருந்தால் கருப்பை உள்சுவரில் திசு எடுத்துப் பார்ப்பார்கள். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். முழுக் காலமும் சாப்பிட்டு முடிக்க வேண்டும்.

7. முதல் கட்ட சிகிச்சை

நீர்க்கட்டி உள்ளவர்கள் எடை கூடியிருந்தால் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது. எழுபது கிலோ இருப்பவர் நாலைந்து கிலோ குறைத்தால் போதும். அதற்கு மேல் முட்டை வளர லெட்ரோசோல் மாத்திரை தருவார்கள். மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ஸ்கேன் பார்க்காமல் போட்டால் முட்டை வளர்ந்ததா, ஒன்றா, நாலா என்று தெரியாது.

9, 10-ம் நாளிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் ஸ்கேன் இருக்கும். கருமுட்டைப் பை 18 முதல் 20 மில்லிமீட்டர் ஆனதும் ஊசி போட்டால் சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். சம்பா நடவு நேரமென்றோ கல்யாண வேலையென்றோ நடுவில் ஒரு ஸ்கேனை விட்டால் அந்த மாதமே வீண். வரமுடியாத மாதம் என்றால் தொடங்கவே வேண்டாம்.

8. ஐ.யு.ஐ

விந்தைக் கழுவி, நன்றாக ஓடுபவற்றை மட்டும் கருப்பைக்குள் வைப்பது. ஒரு குழாயாவது திறந்திருக்க வேண்டும், கழுவிய பிறகு போதுமான விந்தணு இருக்க வேண்டும். ஒரு முறைக்கு நூறில் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் பலிக்கும். முதல் முறை பலிக்காததற்கு மனைவி படுத்திருக்காததோ பஸ்ஸில் போனதோ காரணம் இல்லை. மூன்று நாலு முறைக்குப் பிறகும் பலிக்காவிட்டால் அதையே தொடராமல் மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள். பத்து முறை செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் இரண்டு வருஷம் போயிருந்தது.

9. ஐ.வி.எஃப் என்று வந்தால்

இரண்டு குழாயும் அடைத்திருந்தால், விந்தணு மிகக் குறைவாக இருந்தால், வயது நெருக்கினால் நேராக இங்கே வருவதே சரி. சுமார் 10 நாள் ஊசி, பிறகு மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பது, 3 அல்லது 5 நாள் வளர்ந்த கருவைக் கருப்பையில் வைப்பது, இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை.

பணம் கட்டும் முன் கேளுங்கள்: 2021-ல் வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மையம் பதிவாகியிருக்கிறதா? மனைவியின் வயதில், தொடங்கிய நூறு பேரில் எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்கள்? டெஸ்ட் பாசிட்டிவ் ஆனவர்களின் கணக்கை மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள். ஊசி, உறைநிலையில் வைக்கும் கட்டணம், இரண்டாவது முறை கரு வைக்கும் செலவு எல்லாம் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள். சட்டப்படி மனைவிக்கு 50, கணவருக்கு 55 வயதுதான் மேல் எல்லை. ஆணா பெண்ணா என்று தேர்ந்து தருகிறோம் என்று யாராவது சொன்னால் அது குற்றம், அங்கே நிற்காதீர்கள்.

ஒரே முறையில் பலிக்காதவர்கள்தான் அதிகம். நிலத்தை அடகு வைத்து ஒரே முறைக்கு எல்லாவற்றையும் கொட்டுவதைவிட, இரண்டு முறைக்குத் தாங்குமா என்று கணக்குப் பார்த்துத் தொடங்குங்கள்.

முட்டை எடுத்தபின் வயிறு உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் இரவென்றும் பார்க்காமல் மருத்துவமனைக்கு வர வேண்டும். ஊசிக்குச் சினைப்பை மீறி வினையாற்றுவதன் அறிகுறி அது, உயிருக்கே ஆபத்தாகலாம்.

10. லீவில் வரும் கணவர்களுக்கு

லீவு 45 நாள் என்றால் அதில் ஒன்றோ இரண்டோ முறைதான் முட்டை வெளிவரும். அதனால் செமன் டெஸ்ட்டை அங்கேயே மூன்று மாதம் முன்பு எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். குறை இருந்தால் மருந்துக்கும் மறுபரிசோதனைக்கும் நேரம் கிடைக்கும். மனைவியின் பரிசோதனைகளை அவர் வருவதற்குள் முடித்துவிடுங்கள். டிக்கெட் போடும்போது மனைவியின் தேதிக் கணக்கைப் பாருங்கள். மாதவிலக்கு முடியும் வாக்கில் வந்து இறங்கினால் முதல் வாய்ப்பே வீணாகாது.

திரும்பிப் போகும் முன் விந்தை உறைநிலையில் சேமிக்கலாம். அதற்கு எச்.ஐ.வி, மஞ்சள் காமாலை வைரஸ் முதலிய ரத்தப் பரிசோதனைகளும் இருவரின் கையெழுத்தும் வேண்டும். கையெழுத்து போடாமல் விமானம் ஏறிவிட்டால் மாதிரி இருந்தும் பயன்படுத்த முடியாது. கடைசி நாளுக்கு வைக்காமல் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பே முடியுங்கள்.

11. நாள் தள்ளிப்போனால்

முட்டை வெடிக்கப் போட்ட ஊசியே சிறுநீர்ப் பரிசோதனையில் இரண்டு கோடு காட்டும். ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகுமுன் வீட்டில் பார்த்து ஊருக்கெல்லாம் சொல்லிவிடாதீர்கள். பாசிட்டிவ் என்றால் ஆறு, ஏழு வாரத்தில் ஸ்கேன் எடுத்து, கரு கருப்பைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருத்துவர் தந்த ப்ரோஜெஸ்டிரோன் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றல், ரத்தப்போக்கு இதில் எது வந்தாலும் கரு குழாயில் தங்கியிருக்கலாம். விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, ஃபைலையும் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.